எட்டு வகுப்புக்கும் ஸ்மார்ட் போர்டு வேண்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஆறு முதல் பத்து வரை எட்டுப் பிரிவுகள். வகுப்புக்குச் சராசரியாக 40 பேர். பள்ளியின் பொன்விழாவையொட்டி முன்னாள் மாணவர்கள் 10 லட்சம் ரூபாய் திரட்டித் தந்திருக்கிறார்கள். அதைக் கொண்டு எட்டு வகுப்புகளுக்கும் 65 அங்குலத் தொடுதிரை வாங்கிவிட வேண்டும் என்று தாளாளர் விரும்புகிறார். ஒன்று 1,15,000 ரூபாய் என்று விலைப்புள்ளி வந்திருக்கிறது. கரும்பலகையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டித் தருவதாக விற்பனையாளர் சொல்கிறார். பக்கத்து மெட்ரிக் பள்ளி ‘முழுவதும் ஸ்மார்ட் வகுப்பறைகள்’ என்று ஃபிளெக்ஸ் வைத்த பிறகு எங்கள் ஆறாம் வகுப்புச் சேர்க்கை குறைந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இளைய அறிவியல் ஆசிரியை மிகுந்த ஆவலோடு இருக்கிறார். ஓய்வுபெற மூன்றாண்டே இருக்கும் கணித ஆசிரியரோ, சாக்பீஸ் போதும் என்கிறார். இந்தச் செலவால் பிள்ளைகளின் படிப்புக்கு உண்மையில் பயன் உண்டா? கண்ணுக்குக் கெடுதல் என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள தலைமையாசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வேண்டாம், இரண்டு வாங்குங்கள். அந்த இரண்டும் 65 அங்குலத்தைவிடப் பெரியவையாக இருக்கட்டும். எந்த வகுப்பிலும் கரும்பலகையைக் கழற்ற விடாதீர்கள். திரட்டிய தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது இப்போதைக்குத் தொடாமல் வங்கியில் போட்டு வையுங்கள்.

இப்படிச் சொல்கிறவன் இந்தக் கருவிகளின் மேல் வெறுப்புக் கொண்டவன் அல்லன். ஆசிரியர் பயிற்சி நிறுவனமொன்றில் கல்வித் தொழில்நுட்பம் கற்பித்த காலத்தில், புரொஜெக்டரோடு இணைந்து வந்த முதல் தலைமுறைப் பலகைகளைப் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு பள்ளியில் நானே இரண்டு நாள் பயிற்சி நடத்தி, திறப்பு விழாவில் கைதட்டிவிட்டு வந்தேன். ஒன்றரை ஆண்டு கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது, புரொஜெக்டரின் விளக்கு எரிந்துபோய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. புது விளக்கின் விலையைக் கேட்டுவிட்டு நிர்வாகம் அந்தப் பேச்சையே விட்டிருந்தது. பளபளப்பான அந்த வெள்ளைப் பலகையின் மேல் அரையாண்டுத் தேர்வு அட்டவணையைச் செல்லோடேப்பால் ஒட்டி வைத்திருந்தார்கள். இரண்டு நாள் பயிற்சியில் விளக்கின் ஆயுளைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

நகலெடுப்பதையெல்லாம் நாம் ஜெராக்ஸ் என்று சொல்வதைப் போல, ‘ஸ்மார்ட் போர்டு’ என்பதும் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்து பொதுப்பெயராகிவிட்ட சொல். கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த ஸ்மார்ட் டெக்னாலஜிஸ் நிறுவனம் அந்தப் பெயரில் தன் முதல் பலகையை 1991இல் வெளியிட்டது. மேலேயிருந்து புரொஜெக்டர் படத்தை வீசும். பலகையின் பரப்புக்கு அடியில் இருக்கும் இரண்டு மென்தகடுகள் விரல் அழுத்தும் இடத்தில் ஒன்றையொன்று தொட்டு, அந்த இடத்தைக் கணினிக்குத் தெரிவிக்கும். ஆசிரியர் குறுக்கே நின்றால் நிழல் விழும். மின்விசிறியின் அதிர்வில் புரொஜெக்டர் ஒரு நூல் நகர்ந்தாலும் தொட்ட இடம் ஒன்றாகவும் கோடு விழும் இடம் வேறாகவும் இருக்கும். வெளிச்சம் வேண்டாமென்று ஜன்னல்களைச் சாத்தினால் நம் ஊர் வெயிலில் பத்து நிமிடத்தில் பாதி வகுப்பு தூங்கிவிடும். உங்களுக்கு விலைப்புள்ளி தந்திருக்கும் இன்றைய தொடுதிரை ஒரு பெரிய தொலைக்காட்சியைப் போன்றது. பெரும்பாலானவற்றில் சட்டத்தின் ஓரத்தில் ஓடும் அகச்சிவப்புக் கதிர்களை விரல் மறிக்கும்போது இடம் தெரிகிறது. ஆகவே நிழல், விளக்கு, இடமாற்றம் ஆகிய பழைய தொல்லைகள் ஏறக்குறைய ஒழிந்துவிட்டன. இதை மறுத்துப் பழைய கதைகளையே சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகாது.

ஆனால் கருவி சீராக வேலை செய்வதும் பிள்ளைகள் கூடுதலாகக் கற்பதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை உலகில் மிகப் பெரிய அளவில் செலவு செய்து கண்டறிந்த நாடு இங்கிலாந்து. 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அந்நாட்டு அரசு தன் பள்ளிகளை இத்தகைய பலகைகளால் நிரப்பியது. லண்டன் மேல்நிலைப் பள்ளிகளில் 2003-04 கல்வியாண்டில் தொடங்கிய திட்டத்தை லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் நிறுவனம் மதிப்பிட்டு 2007இல் அறிக்கை வெளியிட்டது. பலகைகள் முழுமையாக வந்து சேர்ந்த முதலாண்டில் மாணவர்களின் தேர்வு அடைவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்பதே அதன் முடிவு. தொடக்கத்தில் எழும் ஊக்கம் நெடுநாள் நீடிப்பதில்லை என்றும் அது குறிப்பிட்டது. நியூகாசில் பல்கலைக்கழகத்தார் தொடக்கப் பள்ளிகளில் செய்த ஆய்விலும் முதலாண்டுத் தேர்வில் தெரிந்த சிறு முன்னேற்றம் அடுத்த ஆண்டில் காணாமல் போயிருந்தது. பாடத்தின் வேகம் கூடியிருந்தது. குழுவாக உழைக்கும் நேரம் குறைந்திருந்தது. ஆசிரியர் கேட்க, மாணவர் சுருக்கமாகப் பதில் சொல்ல, ஆசிரியர் ‘சரி’ என்று அடுத்ததற்குப் போகும் பழைய வழக்கம் அடிப்படையில் மாறவேயில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் தொடக்கப் பள்ளிகளில் நடத்திய மதிப்பீட்டில், பலகையோடு இரண்டாண்டு வரை நீடித்துப் பழகிய வகுப்புகளில் முன்னேற்றம் தென்பட்டது. பலகை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது எவ்வளவு காலமாக ஆசிரியரின் கையில் இருக்கிறது என்பதே அங்கே முக்கியமாக இருந்தது. கருவியைக் கையாளுவது பற்றிய யோசனை மறைந்து, பாடத்தைப் பற்றிய யோசனை மட்டும் எஞ்சுவதற்கு ஓர் ஆசிரியருக்கு ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்று இதைப் புரிந்துகொள்கிறேன். எட்டு வகுப்பறைகளில் ஒரே நாளில் மாட்டி, எல்லா ஆசிரியர்களையும் ஒரே வாரத்தில் பழகச் சொல்வதற்கு எதிரான வாதமாகவும் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

லண்டன் அறிக்கையில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி வேறொன்று. கற்றலில் பின்தங்கிய மாணவர்களின் வகுப்புகளில், ஒவ்வொருவராகப் பலகைக்கு வந்து தொட்டு விடை காட்டும் ஏற்பாடு முழு வகுப்பின் ஓட்டத்தையே மந்தப்படுத்தியது என்று அது பதிவு செய்கிறது. இதை நம் வகுப்பறையில் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மாணவன் பெஞ்சிலிருந்து எழுந்து, நெருக்கமான வரிசைகளைக் கடந்து, திரைக்கு வந்து, சரியான படத்தை இழுத்துப் பொருத்திவிட்டுத் திரும்ப ஒரு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 40 பேருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்பதற்கு ஒரு பாடவேளை முழுவதும் போய்விடும்; அந்த 40 நிமிடங்களில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் பங்கேற்று, 39 நிமிடங்கள் வேடிக்கை பார்த்திருக்கும். ஒரு சிலேட்டை 40 பேர் கையிலும் கொடுத்து, “விடையை எழுதித் தூக்கிக் காட்டுங்கள்” என்றால், அரை நிமிடத்தில் 40 பேரும் பங்கேற்றுவிடுகிறார்கள். யாருக்குப் புரியவில்லை என்பதும் ஆசிரியருக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது. ஊடாடும் பலகை என்று பெயரிட்டு விற்கிறார்களே தவிர, அதனோடு ஊடாடுவது ஒரு நேரத்தில் ஒரு கைதான். அந்தக் கையும் பெரும்பாலும் ஆசிரியருடையது.

உங்கள் கணித ஆசிரியரை மாற்றத்துக்கு அஞ்சுபவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் சொற்களில் சொல்லாமல் விட்டதை நான் அளவுகளில் சொல்கிறேன். 65 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்த கணக்கு; திரையின் அகலம் சுமார் 144 சென்டிமீட்டர், உயரம் 81. எட்டடிக்கு நான்கடி கரும்பலகையோ 244க்கு 122. பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான் உங்களுக்குக் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் ஓர் இருபடிச் சமன்பாட்டுக் கணக்கைக் கரும்பலகையில் போடும் ஆசிரியர், வினாவை இடது மேல் மூலையில் எழுதி, படிகளை வரிசையாக இறக்கி, வலது பக்கத்தில் துணைக் கணக்கைப் போட்டு, கடைசிவரை எதையும் அழிக்காமல் வைத்திருப்பார். மூன்றாவது படியில் தவறவிட்ட பிள்ளை, ஆசிரியர் ஏழாவது படியில் இருக்கும்போதும் கண்ணை மேலே ஓட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். திரையில் நான்கு படிக்கு மேல் இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியிருக்கும். தவறவிட்ட படி முந்தைய பக்கத்தில் மறைந்துவிடும். சேமித்து வைத்துப் பிறகு காட்டலாமே என்று விற்பனையாளர் சொல்வார். சேமிக்கலாம்தான், அந்தப் பிள்ளைக்கு அது தேவைப்பட்ட நொடி போய்விட்டது.

எட்டிப் பார்க்கும் தூரத்துக்கும் ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. சிறு எழுத்துகளும் எண்களும் உள்ள பாடத்தை வாசிக்க, கடைசி வரிசை திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் இருப்பது நல்லது. 65 அங்குலத் திரைக்கு அது 5 மீட்டருக்கும் குறைவு, அதாவது ஏறக்குறைய 16 அடி. 75 அங்குலத்துக்கு 18 அடி. 86 அங்குலத்துக்கு 21 அடி. உங்கள் வகுப்பறை வழக்கமான 20 அடி நீளம் என்றால், உங்களுக்கு வந்திருக்கும் விலைப்புள்ளி கடைசி இரண்டு பெஞ்சுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அந்தப் பெஞ்சுகளில் பெரும்பாலும் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு இரண்டையாவது ஏன் வாங்கச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நான் பார்த்த ஒரு பாடத்தைச் சொன்னால் விளங்கும். ஒன்பதாம் வகுப்பு, ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்ற தேற்றம். ஆசிரியை திரையை அணைத்தே வைத்திருந்தார். அவர் கொடுத்த ஆரத்துக்கும் நாண் நீளத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு குழுவும் நோட்டில் வட்டமும் நாணும் வரைந்து, பரிதியில் தங்களுக்குப் பிடித்த இடத்தில் ஒரு புள்ளியைக் குறித்து, பாகைமானியால் கோணத்தை அளந்தது. விடைகளைக் கரும்பலகையில் எழுதினார்: 52, 49, 51, 50, 48. இவையெல்லாம் உண்மையில் வேறு வேறு கோணங்களா, ஒரே கோணத்தை நாம் பிசகாக அளந்திருக்கிறோமா என்று கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சச்சரவிட்டது. அதற்குப் பிறகுதான் திரையைப் போட்டார். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் அதே வட்டம். புள்ளியைப் பரிதியோடு மெதுவாக இழுத்தார். புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது, எண் 50லேயே நின்றது. அப்போது ஒரு பையன், “டீச்சர், அந்தக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால்?” என்றான். அவர் இழுத்தார். நாணைத் தாண்டியதும் எண் 130க்குத் தாவியது. இரண்டையும் கூட்டிப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மூன்று நான்கு பேர் தாங்களாகவே கூட்டிவிட்டு 180 என்று கத்தினார்கள். வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்களைப் பற்றிய அடுத்த தேற்றம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது. 40 நிமிடத்தில் திரை எரிந்தது எட்டு நிமிடம் இருக்கலாம்.

அந்த எட்டு நிமிடத்தைக் கரும்பலகையால் தர முடியாது. எவ்வளவு திறமையான கையாலும் முடியாது. ஒன்று மாறும்போது இன்னொன்று மாறாமல் நிற்பதையோ, ஒன்றோடொன்று சேர்ந்து மாறுவதையோ கண்ணால் காட்ட வேண்டிய இடங்களில்தான் இந்தக் கருவிக்கு அதன் விலைக்கேற்ற மதிப்பு இருக்கிறது. செல் பிரிதல், நிலவின் கலைகள், வேதி வினையில் மூலக்கூறுகள் இடம் மாறுவது போன்ற பாடங்கள் எல்லாம் இந்த வகை. ஐப்பசி, கார்த்திகையில் வானிலைத் துறையின் செயற்கைக்கோள் படங்களை அடுத்தடுத்து ஓடவிட்டு, வங்கக்கடலில் ஒரு தாழ்வுநிலை உருண்டு கரைக்கு வருவதைக் காட்டி வடகிழக்குப் பருவமழையைப் பேசுவதும் இந்த வகைதான். நம் பாடநூல்களிலேயே ‘இணையச் செயல்பாடு’ என்ற கட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் பல இத்தகைய நகரும் படங்களுக்கே இட்டுச் செல்கின்றன, கட்டணமும் இல்லை. ஆனால் ஒரு பேட்டரி, இரண்டு முழம் வயர், ஒரு பல்பு ஆகியவற்றால் பிள்ளைகள் கையாலேயே செய்து பார்க்கக்கூடிய மின்சுற்றைத் திரையில் இணைத்துக் காட்டுவதை நான் பாடம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பாடநூலின் பக்கத்தையே திரையில் பெரிதாகக் காட்டி ஒருவரை வாசிக்கச் சொல்வதையும் அப்படியே. ஸ்மார்ட் வகுப்பறை என்ற பெயரில் நான் மிகுதியாகப் பார்த்திருப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

திரையோடு சேர்த்து வாங்கத் தக்க ஒரு சிறு பொருளைச் சொல்ல வேண்டும். வளையும் தண்டில் பொருத்திய, நோட்டையோ ஓர் இலையையோ அடியில் வைத்தால் பெரிதாக்கித் திரையில் காட்டும் கேமராவை டாக்குமென்ட் கேமரா என்று கடைகளில் தருகிறார்கள். திரையின் விலையில் மிகச் சிறு பங்குதான் அதன் விலை. ஒரு மாணவி தன் நோட்டில் போட்ட கணக்கை அப்படியே வகுப்பு முழுவதற்கும் காட்டி, “இவள் எந்த வழியில் போயிருக்கிறாள்?” என்று கேட்க முடிவது, நான் அறிந்தவரை, விலை உயர்ந்த மென்பொருள்கள் எதையும்விடப் பயனுள்ள வசதி.

இனிப் பணம். எட்டுத் திரைகளுக்கு 9,20,000 ரூபாய் போனால் மீதம் 80,000, அறைக்குப் பத்தாயிரம். அதற்குள் வயரிங், நல்ல எர்த், யூபிஎஸ் எல்லாம் வந்தாக வேண்டும். மறு ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு ரூபாயும் இருக்காது. திரையின் வெளிச்சம் 30,000 முதல் 50,000 மணி நேரம் வரை நிற்கும் என்று நிறுவனங்கள் சொல்லும். நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்றாலும் ஆண்டுக்கு 1,200 மணி நேரமே ஆவதால், அந்தக் கணக்கில் திரை 25 ஆண்டு எரிய வேண்டும். அப்படி எங்கும் எரிவதில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கி உள்ளிருக்கும் மின்வழங்கிப் பலகை போகும். ஓரத்துத் தொடுசட்டத்தில் தூசியும் எறும்பும் புகும். எல்லாவற்றுக்கும் முன்பாக, உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டு பழசாகி, புதிய செயலிகள் ஓடாமல் நின்றுவிடும். ஆகவே வெளிச்சத்தின் ஆயுளை விளம்பரத் தாளில் காட்டும் விற்பனையாளரிடம், மின்வழங்கிப் பலகைக்கும் தொடுசட்டத்துக்கும் எத்தனை ஆண்டு வாரண்டி, பழுது பார்ப்பவர் எந்த ஊரிலிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கணினிப் பகுதியைத் தனியே கழற்றி மாற்றும் வசதியும், சாதாரண மடிக்கணினியை எச்டிஎம்ஐ வயரால் இணைக்கும் வசதியும் இருந்தால், ஆண்ட்ராய்டு பழசானாலும் திரை பிழைத்துக்கொள்ளும்.

பாட உள்ளடக்கத்தை ஆண்டுச் சந்தாவாகச் சேர்த்து விற்க முயன்றால் வாங்காதீர்கள். நாடெங்கும் தனியார் பள்ளிகளுக்குப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் கருவியையும் பாடத்தையும் சேர்த்துத் தந்துவந்த எஜுகாம்ப் நிறுவனம் 2017இல் திவால் நடவடிக்கைக்குள் சென்றதை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் தயாரித்த பாடக்கோப்பு இன்னொன்றில் ஒழுங்காகத் திறப்பதில்லை என்பதால், ஆசிரியர்கள் உழைத்துச் செய்பவற்றை பிடிஎஃப் வடிவிலும் சேமித்து வைக்கப் பழக்குங்கள்.

சேர்க்கையைப் பற்றி நீங்கள் ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. இது தாளாளரின் கவலை மட்டும் அல்ல. பிரிவு குறைந்தால் பணியிடம் குறையும் என்பது உதவி பெறும் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த அச்சம். ஆனால் இந்தப் பந்தயத்தில் திரையை வைத்து இனி யாரும் வெல்ல முடியாது என்றே நினைக்கிறேன். 1987இல் மத்திய அரசு ‘கரும்பலகைத் திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கரும்பலகை உள்ளிட்ட அடிப்படைப் பொருள்கள் என்று உறுதியளித்தது. அதே பெயரை நினைவூட்டும்படி 2019இல் ‘டிஜிட்டல் பலகைத் திட்டம்’ அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2024 முதல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் பணி நடந்திருக்கிறது. உங்களிடம் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டு வருவார்கள். பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து, திரையைக் காட்டுவதற்குப் பதிலாக, மேலே சொன்னது போன்ற ஒரு பாடத்தைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஃபிளெக்ஸ் பேனர் வைத்தே ஆக வேண்டும் என்று தாளாளர் வற்புறுத்தினால், இரண்டு திரைகளுக்கும் ஒரு பேனர் வைத்துக்கொள்ளலாம்; அதில் எனக்கு மறுப்பில்லை.

கண்ணைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதிலே போதும். கைபேசியை முகத்தருகே வைத்து மணிக்கணக்காகப் பார்ப்பதும் பத்தடிக்கு அப்பால் இருக்கும் திரையைச் சில நிமிடங்கள் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றல்ல. முதல் வரிசையைத் திரைக்கு மிக நெருக்கமாகப் போடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசாதபடி இடம் தேர்ந்தெடுங்கள். வெளிச்சத்தை அறைக்கேற்பக் குறைத்து வையுங்கள். எழுத்துத் தெரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், திரையைக் குறை சொல்வதற்கு முன் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பல பிள்ளைகளுக்குக் கண்ணாடி தேவை என்பது இப்படித்தான் வெளியே வருகிறது.

10 லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன். இரண்டு திரைகள், வயரிங், எர்த், மின்வெட்டில் ஒரு பாடவேளையாவது தாங்கும் யூபிஎஸ் எல்லாம் சேர்த்து நான்கரை லட்சத்துக்குள். 86 அங்குலம் அதற்குள் அடங்கினால் நல்லது. இல்லாவிட்டால் 75க்குக் கீழே போக வேண்டாம். மூன்றரை லட்சம் வைப்பு நிதி. பழுதுக்கும், ஆறேழு ஆண்டு கழித்து வரும் மாற்றத்துக்கும் அதன் வட்டியும் முதலும். மீதி இரண்டு லட்சத்தில் எல்லா வகுப்பிலும் மங்கிப்போன கரும்பலகைகளைப் புதுப்பித்து, இரண்டு டாக்குமென்ட் கேமராக்கள், வகுப்புக்கு 40 சிலேட்டுகள், ஆய்வகப் பொருள்கள் வாங்குங்கள். மங்கிய கரும்பலகையைப் புதுப்பிக்க யாரும் நன்கொடை தருவதில்லை, அதற்கு ரிப்பன் வெட்டுவதும் இல்லை. ஆனால் எட்டு வகுப்பிலும் எட்டுப் பாடவேளையும் பயன்படுவது அதுதான்.

இரண்டு திரைகளையும் இரண்டு வகுப்புகளுக்குச் சொந்தமாக்கிவிடாமல், தரைத்தளத்தில் இரண்டு பொது அறைகளில் வையுங்கள். நாளுக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் இரண்டு அறைகளிலுமாக 80 பாடவேளைகள் கிடைக்கும். எட்டுப் பிரிவுகளுக்கும் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்குப் பத்து. திரை உண்மையிலேயே தேவைப்படும் பாடங்கள் அந்தப் பத்தை நிரப்புமா என்பதே எனக்கு ஐயம். அறை மாறி வந்து போக நான்கைந்து நிமிடம் வீணாகும் என்பது உண்மை. நேர அட்டவணையில் அவற்றை இரட்டைப் பாடவேளைகளாக அமைத்தால் அந்த இழப்பு பாதியாகும். முன்பதிவுக்கு ஆசிரியர் அறையில் ஒரு நோட்டு போதும். அதில் தேதி, வகுப்பு ஆகியவற்றோடு, ‘இந்தப் பாடத்தில் கரும்பலகையால் முடியாத எதைத் திரையில் செய்தேன்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஓராண்டு முடிவில் அந்த நோட்டைப் புரட்டினாலே மூன்றாவது திரை வேண்டுமா என்பது தெரிந்துவிடும். இளைய அறிவியல் ஆசிரியையைத்தான் அந்த நோட்டுக்குப் பொறுப்பாக்குவேன். ஆவல் உள்ளவர் மற்றவர்களுக்குக் கற்றுத் தருவதில் எந்தப் பயிற்சி நிறுவனத்தையும் விஞ்சிவிடுவார்.

திரையை மாட்டும் இடத்தை மட்டும் கணித ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். கரும்பலகை நடுவிலும் திரை அதன் பக்கத்திலும் இருக்க வேண்டும்; திரையில் பார்த்ததை உடனே பலகையில் எழுதிக் காட்ட அவர் இரண்டடி நகர்ந்தால் போதுமானதாக இருக்க வேண்டும். சுவரின் வலுவையும் ஒரு கொத்தனாரை வைத்துப் பார்த்துவிடுங்கள். 75 அங்குலத் திரை ஏறத்தாழ ஐம்பது கிலோ இருக்கும், பழைய கட்டடத்தின் பூச்சு அதைத் தாங்கும் என்று நம்பிவிட முடியாது. விலை பேசுவதற்கு முன், விற்பனையாளரை ஒரு மாதிரித் திரையோடு உங்கள் பள்ளிக்கே வரச் சொல்லுங்கள். நண்பகல் 12 மணிக்கு, ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்து, ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் இருக்கும் நான்கு பிள்ளைகளை ஒரு கணக்கை வாசித்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தாளாளரிடம் கொடுங்கள்.